மரங்கொத்திகள் திரும்பாத மரம்

இரண்டு நாள் விடாமல் பெய்த மார்கழி மழை அன்று காலைதான் சற்று ஓய்ந்திருந்தது. தென்காசியில் என் வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். குற்றாலத்துக்கு மேலே நான் வேலை பார்க்கும் கிராம்புத் தோட்டத்தின் காவலாளி இசக்கி போனில் அழைத்தார்.

"அண்ணாச்சி, பட்ட இலவமரம் விழுந்துட்டு. ரெஜினாக்கா அடியில கெடக்காவ."

"உசுரு இருக்கா?" என்று கேட்டேன். "இல்ல அண்ணாச்சி, வெரசா வாங்க" என்றார் இசக்கி.

அச்சன்புதூர் ரெஜினா அக்கா அந்தத் தோட்டத்தில் பதினேழு ஆண்டுகள் என்னோடு மேற்பார்வையாளராக இருந்தவர். மரங்கள் என் பொறுப்பு. ஆட்கள் அவர் பொறுப்பு. அதிகம் பேசமாட்டார். பறவைகளைப் பற்றிப் புத்தகம் எதுவும் படித்தவரில்லை. தினமும் நின்று பார்த்தவர், அவ்வளவுதான்.

எங்கள் முதல் பனிக்காலத்தில் ஒருநாள் இருவரும் மேலே ஏறிக்கொண்டிருந்தோம். அந்தப் பருவத்தில் சின்னப் பறவைகள் தனியாக இரை தேடுவதில்லை. மரங்கொத்தி, பட்டாணிக்குருவி, மின்சிட்டு, கரிச்சான் எல்லாம் ஒரே கூட்டமாக மரம் மரமாய்ப் போகும். தலைக்கு மேல் கலகலத்துக்கொண்டிருந்த அப்படியொரு கூட்டம் சட்டென்று அடங்கியது. மரங்கொத்தி பட்டையோடு பட்டையாக ஒட்டிக்கொண்டு அசையாமல் இருந்தது. அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார். மறுகணம் வல்லூறு ஒன்று கிளைகளின் ஊடே பாய்ந்து போயிற்று.

"சத்தம் கேட்டா பயமில்ல தம்பி. சத்தம் நின்னாத்தான் பாத்துக்கிடணும்" என்றார்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஆட்கள் ஏறிவரும் பாதையோரம் இருந்த அந்த இலவமரம் பட்டுப்போனது. வெட்டச் சொன்னார் முதலாளி. அக்கா ஒரு சாயங்காலம் என்னை அழைத்துப் போய்க் காட்டினார். மரத்தில் நான்கு பொந்துகள். வெளிச்சம் மங்கும் நேரத்தில் மரங்கொத்திகள் ஓசையில்லாமல் வந்து, பொந்துக்கு ஒன்றாக நுழைந்தன. குஞ்சு பொரிக்க அல்ல, குளிருக்கு ஒண்டி உறங்க.

"இத வெட்டிட்டா பனியில அதுவ எங்கன போயி ஒண்டும்?"

மரம் அறுக்க வந்த ஆட்களைத் திருப்பி அனுப்பினேன். மரம் உறுதியாகத்தான் இருக்கிறது என்று முதலாளியிடம் சொன்னதும் நான்தான்.

சென்ற வெள்ளிக்கிழமை மழையில் நனைந்தபடி அக்கா என்னிடம் வந்தார்.

"அஞ்சு நாளா ஒண்ணுகூட உள்ள போவல தம்பி."

"பாம்பு ஏறியிருக்கும்க்கா."

"பாம்புன்னா சுத்தி நின்னு கத்தும். இதுவ கிட்டயே வரமாட்டேங்குதுவ. அடியில கைய வச்சுப் பாத்தேன், மாவா உதிருது. வெட்டாதீயன்னு சொன்னது நாந்தான். இப்ப நானே சொல்லுதேன், வெட்டிருங்க."

"மழ வெறிக்கட்டும். திங்கக்கெழம ஆள் வரச் சொல்லுதேன்."

"நாளைக்கும் நம்ம ஆளுவ அதுக்குக் கீழதான ஏறி வருவாவ?"

"ரெண்டு நாள்தானக்கா" என்றேன். அவர் திரும்பி மழையிலேயே இறங்கிப் போனார்.

மறுநாள் விடிந்ததும் அவர் தனியாக மேலே ஏறியிருக்கிறார். நான் போய்ச் சேர்ந்தபோது, பாதையின் ஒருபுறம் பலாமரத்தில் கயிற்றின் ஒரு முனை இறுகக் கட்டப்பட்டிருந்தது. மறுமுனை அவர் கையில் இருந்தது. பாதையை மறிக்க வந்தவர், எதிர்ப்பக்கம் போய்ச் சேரவில்லை.

கிராம்பு பறிக்க வந்த எட்டுப் பெண்களும் திருப்பத்தில் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். "காத்துகூட இல்ல அண்ணாச்சி" என்றாள் செண்பகம். "'ஏட்டி, அங்கனயே நில்லுங்க'ன்னு அக்கா சத்தம் போட்டாவ. நின்னோம். அப்பதான் விழுந்துச்சு."

ஞாயிற்றுக்கிழமை அச்சன்புதூரில் அவரை அடக்கம் செய்தோம். குழிக்குள் முதல் கைப்பிடி மண்ணைப் போட என்னை அழைத்தார்கள். என்னால் குனிய முடியவில்லை.

நேற்றுச் சாயங்காலம் தோட்டத்துக்குப் போனேன். மேல்பகுதியில் இன்னும் இரண்டு பட்ட மரங்கள் நிற்கின்றன. இரண்டிலும் பொந்துகள் உண்டு. அக்கா நிற்பதுபோல் தள்ளி நின்று பார்த்தேன். ஒன்றில் மரங்கொத்தி வந்து நுழைந்தது. மற்றதன் அருகே ஒரு மரங்கொத்தி பறந்து வந்து, உட்காராமல் விலகிப் போயிற்று. காட்டில் சத்தமே இல்லை. இருட்டிக் கண் தெரியாமல் போகும்வரை காத்திருந்தேன். அந்தப் பொந்துக்குள் எதுவும் போகவில்லை.

அங்கிருந்தே மரம் அறுக்கும் ஆட்களுக்குப் போன் செய்தேன். நாளை விடிந்ததும் வரச் சொல்லியிருக்கிறேன். மழையானாலும் வரச் சொல்லியிருக்கிறேன். போய் வாருங்கள், அக்கா.