மிளகு விசுக்கோத்து

என் கணவர் குரோசியாவுக்குப் போய் ஏழு வருடங்களுக்கு மேலாகிவிட்டது. போவதற்கு முன் பரந்தனில் ஒரு பேக்கரியில் பாண் போட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கைப்பழக்கம்தான் அவருக்கு அங்கேயும் வேலை எடுத்துக் கொடுத்தது. தர்மபுரத்து வீட்டில் நானும் மகளும் அவருடைய தாயாரும் இருக்கிறோம். நான் முன்பள்ளி ஆசிரியை. மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளின் கைகளோடுதான் என் பகல் போகிறது. கழுவிவிடுவேன், நகம் வெட்டிவிடுவேன், சாயத்தில் தோய்த்துத் தாளில் அமர்த்துவேன்.

முதலிரண்டு வருடங்களும் அவர் தினமும் தொலைபேசி எடுத்தார். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும். வரச்சொல்லிக் கேட்டால், தங்கும் அனுமதி இன்னும் புதுப்பித்து வரவில்லை, இப்போது வெளியே வந்தால் திரும்பிப் போகமுடியாது என்பார். நான் நம்பினேன். நம்பினேனா, கேட்பதை விட்டுவிட்டேனா என்று இப்போது சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

இரண்டு வருடங்களுக்கு முன் மார்கழியில், கிறிஸ்தவர்களின் நத்தார்ப் பண்டிகை முடிந்து இரண்டு மூன்று நாளில் ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். முல்லைத்தீவைச் சேர்ந்த முஸ்லிம் மனிதர். குரோசியாவில் என் கணவரோடு ஒரே பேக்கரியில் வேலை செய்தவர், தகப்பனாருக்கு வருத்தம் கடுமை என்று ஒரேயடியாகத் திரும்பியிருந்தார். காலையில் தொலைபேசியில் சொல்லிவிட்டு, மழைக்குள் மோட்டார் சைக்கிளில் வந்தார். மழை அங்கிக்குள் ஒரு பெட்டியை நனையாமல் வைத்திருந்தார். சிவப்பு மட்டைப் பெட்டி. மேலே நாடா கட்டியிருந்தது.

"அப்பா தந்துவிட்டது" என்று மகளிடம் கொடுத்தார்.

உள்ளே மண்ணிறத்தில் விசுக்கோத்துகள். இதயம், நட்சத்திரம், பறவை. ஒவ்வொன்றின் முகத்திலும் மர அச்சில் அழுத்திய பூக்கோலம். பெட்டியைத் திறந்ததும் கறுவாவும் கராம்பும் மணத்தன. எங்கள் குசினியில் தூளுக்குச் சரக்கு வறுக்கும்போது எழும் மணத்தில் யாரோ தேன் ஊற்றியதுபோல இருந்தது.

"இது அவையின்ர நத்தார் விசுக்கோத்து. மிளகு போடுவினம். இதின்ர பேரே மிளகில இருந்து வந்ததுதான்" என்றார் வந்தவர்.

"இனிப்புக்கையோ மிளகு?" என்று மகள் கேட்டாள். அவளுக்கு அப்போது ஒன்பது வயது.

"ஓம் மகள். முதல் இனிக்கும். பிறகு தொண்டையில மெல்லமா எரியும்."

பெட்டியை அவர் பக்கம் நீட்டினேன். வேண்டாம் என்று கையால் காட்டினார். "பழக்கத்தில கையைக் காட்டிப்போட்டன். பேக்கரியில செய்யிறதுக்குப் பண்டிக் கொழுப்புப் போடுவினம், நான் வாயில வைக்கிறேல்லை. ஆனா இது அப்பிடியில்லை. நீங்கள் யோசியாமல் சாப்பிடுங்கோ. வீட்டில வைச்சு, பட்டர் போட்டுத்தான் செய்தவா."

செய்தவா என்றார், ஒரு பெண்ணைச் சொல்வதுபோல. செய்தவர் என்று சொல்லியிருந்தால் என் கணவர் என்றே எடுத்திருப்பேன். அவருடைய முகத்தைப் பார்த்தேன். அவர் தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, இதைப் பாருங்கோ. ஆரோ விரலால அமத்தியிருக்கினம்" என்றாள் மகள்.

இதய வடிவ விசுக்கோத்து. பூக்கோலத்தின் நடுவில் ஒரு பெருவிரல் பதிந்து வெந்திருந்தது. வாங்கிப் பார்த்தேன். அந்த விரலுக்கு நான்கு வயது இருக்கும். ஐந்தென்றால் விரல் இன்னும் கொஞ்சம் நீண்டிருக்கும். பெட்டியில் அப்படி ஆறேழு இருந்தன. மாவைத் தொடாதே என்று யாரும் தடுத்திருக்கவில்லை.

"அந்த வீட்டில ஒரு சின்னப் பிள்ளை இருக்கு. வீட்டுக்காரியின்ர" என்றார் அவர்.

"அப்பாவை அந்தப் பிள்ளைக்குத் தெரியுமோ?" என்று மகள் கேட்டாள்.

"தெரியாமலோ? டாட்டா, டாட்டா எண்டு பின்னாலேயே திரியும்."

"டாட்டா எண்டா போட்டுவாறன் எண்டெல்லோ!" மகள் சிரித்தாள்.

அவளுடைய சிரிப்பில் அவரும் இழுபட்டுவிட்டார். "இல்லை மகள், அவையின்ர பாசையில அது அப்..." என்று தொடங்கி நிறுத்தினார். மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. "அது வேற அர்த்தம்" என்று முடித்தார்.

அர்த்தம் எனக்கு விளங்கியது. "இன்னும் கொஞ்சம் தேத்தண்ணி விடட்டோ?" என்று கேட்டேன். வேண்டாம் என்றார். வாசல் படலை வரைக்கும் கூடப் போனேன். அங்கே நின்று, "தங்கச்சி, இதை நான் கொண்டுவந்திருக்கக்கூடாது. தரேக்க மறுக்கவும் ஏலாமல் போச்சு" என்றார். "மழை விட்டிட்டுது, பாத்துப் போங்கோ" என்றேன். மழை விட்டிருக்கவில்லை.

குசினிக்குள் மாமி பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார். மகனிடமிருந்து ஆள் வந்திருக்கிறது என்று தெரிந்தும் அவர் விறாந்தைக்கு வரவில்லை. மகள் ஒரு விசுக்கோத்தைக் கொண்டுபோய் நீட்ட, "எனக்கு மிளகு ஒத்துவராது" என்றார். இரண்டு நாளுக்கு ஒருமுறை மிளகு ரசம் வைத்துக் குடிக்கிறவர். மகள் போனபிறகு நான் கேட்டேன்.

"மாமி, உங்களுக்குத் தெரியுமோ?"

கத்தி நின்றது. "ரெண்டு வருசமாத் தெரியும் பிள்ளை."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா நீ உன்ர தாய் வீட்டை போயிடுவாய். நீ போனா நான் ஆரோட இருக்கிறது?"

அவர் மகனை நியாயப்படுத்தவும் இல்லை, திட்டவும் இல்லை. நான் பூசணித் துண்டுகளைக் கழுவி அடுப்பில் வைத்தேன். கறி இறக்கியபின் போய் ஒரு விசுக்கோத்தை எடுத்துச் சாப்பிட்டேன். கடினமாக இருந்தது. பல்லில் ஏதோ பருப்புத் துண்டு பட்டது. தேன் முதலில் வந்தது. மிளகுக்காகக் காத்திருந்தேன். வந்தது, ஆனால் யாரோ வேறொருவருடைய தொண்டையில் எரிவதுபோல இருந்தது. நன்றாகச் செய்திருந்தாள் என்று நினைத்தேன். அதைத்தான் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் எடுத்தார்.

"பெட்டி வந்ததோ?"

"வந்தது."

"பிடிச்சுதோ?"

"மகளுக்குப் பிடிச்சிருக்கு. நல்லா வெந்திருக்கு. பிள்ளையின்ர கையடையாளமும் இருந்தது."

அந்தப் பக்கம் பாத்திரங்களின் சத்தம் கேட்டது. பிறகு ஒரு கதவு மூடப்பட்டு அதுவும் நின்றது.

"நான் உனக்குச் சொல்லத்தான் இருந்தனான்" என்றார்.

"ஓம்" என்றேன்.

"பிறகு எடுக்கிறன்."

நான்கு ஞாயிறுகள் அவர் எடுக்கவில்லை. அந்தப் பிள்ளை அவருடையதா, அந்தப் பெண் கூட்டி வந்ததா என்று நான் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை. யாராவது சொன்னால் கேட்டுக்கொள்வேன்.

தைப்பொங்கலுக்கு அடுத்த நாள் மாமி தன் உடுப்புகளைப் பையில் அடுக்கினார். அக்கராயனில் இருக்கும் மகளிடம் போகப்போவதாகச் சொன்னார். நானும் தடுக்கவில்லை. பேருந்துக்கு இன்னும் நேரம் இருந்தது, சாப்பாட்டுக் கோப்பையில் சோறு போட்டேன். சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து, கயிற்றில் காய்ந்த மகளுடைய பாடசாலைச் சட்டையை மடிக்கத் தொடங்கினார். பேருந்து போன சத்தம் எங்கள் இரண்டு பேருக்கும் கேட்டது. அந்தப் பை ஒரு கிழமையாக அலுமாரிக்குப் பக்கத்தில் அப்படியே இருந்தது. பிறகு ஒரு நாள் பையைக் காணவில்லை, மாமியின் உடுப்புகள் அலுமாரிக்குள் திரும்பியிருந்தன.

முன்பள்ளி தொடங்கிய மாதம், கைப்பதிவு செய்யும் நாளில் சாயத் தட்டுகளை எடுத்து வைத்துவிட்டு நின்றேன். பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். தட்டுகளைத் திரும்ப எடுத்து வைத்துவிட்டு, "இண்டைக்கு இலை பொறுக்குவம் வாங்கோ" என்று வெளியே கூட்டிப்போனேன். அந்த வருடம் முழுவதும் இலைகளைத்தான் பதித்தோம். பெற்றோர் யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

இப்போது மகளுக்குப் பதினொரு வயது. சனிக்கிழமைகளில் புதுக்குடியிருப்புக்கு ரியூசன் போகிறாள், நான் கூடப் போய்க் கூட்டிவருவேன். அவர் மாதத்துக்கு ஒருமுறை அவளோடு கதைக்கிறார். என்னோடு காய்ச்சல், பாடசாலை, தாயாரின் மூட்டு நோ பற்றி மட்டும். போன மாதம் பேருந்தில் ஜன்னல் பக்கம் இருந்தவள் என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"அம்மா, அப்பா இனி வரமாட்டார் என்ன?"

"வரமாட்டார்" என்றேன். அதை நான் முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னது அந்தப் பேருந்தில்தான்.

"எனக்குத் தெரியும்" என்றாள் அவள். "உங்களுக்குத் தெரியுமோ எண்டுதான் எனக்குத் தெரியாமல் இருந்தது."

நடத்துனர் சந்தையடி, சந்தையடி என்று கூப்பிட்டார். அவள் புத்தகப் பையை என் மடியிலிருந்து எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு எழும்பினாள். கூட்டம் தள்ளியது. இறங்கும்போது என் கையைப் பிடித்தாள், வளர்ந்த பிறகு அவள் அப்படிப் பிடிப்பதில்லை. வகுப்பு வாசல்வரைக்கும் விடவில்லை.