மண்மூட்டை

பூட்டு ரிப்பேர்க்காரரின் பைக்குக்கு மூன்று சக்கரம். இடப்பக்கம் தொட்டி மாதிரி ஒட்டியிருக்கும் சைடுகார் அவர் மனைவியின் இடம். கடை வீட்டு முன்னறையிலேயே என்பதால், வண்டி வெளியே கிளம்பினால் அவளுக்காகத்தான்; சந்தைக்கு, இல்லையென்றால் மகள் வீட்டுக்கு. கூரை கிடையாது, வெயிலும் மழையும் இருவருக்கும் பொது. மேட்டில் வண்டி முக்கினால் போதும், ஆரம்பித்துவிடுவார்.

"கொஞ்சம் இளைச்சாத்தான் என்னவாம்? வண்டி மூச்சு வாங்குது பாரு."

"ஊர்ப் பூட்டையெல்லாம் ரிப்பேர் பண்றீங்க, உங்க வாய்க்கு ஒண்ணு போடக் கூடாதா?" என்பாள் அவள்.

அவள் கண்மூடிய பிறகு, மகளைப் பார்க்க முதன்முறையாகத் தனியே வண்டியை எடுத்தார். தெருமுனையில் இடப்பக்கம் திரும்பியதுதான் தாமதம், காலி சைடுகார் அந்தரத்தில் எழும்பியது. சுவரில் மோதாமல் தப்பியதே பெரிய காரியம். வண்டியை மெக்கானிக்கிடம் உருட்டிக்கொண்டு போனார்.

"காலியா இருந்தா தூக்கத்தாண்ணே செய்யும். பக்கத்துல பாரம் வேணும். இத்தனை வருஷமா ஓட்டுறீங்க, இதுகூடவா தெரியாது?" என்றான் மெக்கானிக்.

தெரியாதுதான். காலியாக ஓட்டியிருந்தால் அல்லவா தெரியும்?

மெக்கானிக் ஒரு மண்மூட்டையைத் தூக்கிவந்து அவள் சீட்டில் வைத்துக் கட்டினான்.

மகள் வீட்டுக்குப் போகும் வழியில் அதே மேடு. வண்டி முக்கியது, மூச்சு வாங்கியது. பூட்டு ரிப்பேர்க்காரர் வாயைத் திறக்கவில்லை.