மருந்தை விடாதீங்க

மதுக்கடையை அரசாங்கமே எடுத்து நடத்தத் தொடங்கிய மறுவருடம், விருதுநகரில் ஒரு குடிநோய் சிகிச்சை மையத்தில் ஆலோசகராகச் சேர்ந்தேன். உளவியல் படித்தவன். பேசியே குடியை நிறுத்திவிடலாம் என்ற திமிர் இருந்தது. படித்தது கோயம்புத்தூரில். பட்டாசுக்காரர்கள் பேசும் தமிழ் எனக்குத் தெரியாது என்பதே எனக்குத் தெரியாது.

அச்சங்குளத்துக்காரர் ஒருவர் பதினைந்து நாள் உள்ளே இருந்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினார். மாத்திரைகளைக் கையில் கொடுத்தாயிற்று. அடுத்த ஆள் வாசலில் நின்றார். எனக்கு அவசரம்.

"சார், மருந்த விட்டுறட்டுமா?" என்று கேட்டார்.

எரிச்சல் வந்தது. வீடு போய்ச் சேர்ந்ததும் மாத்திரையைத் தூக்கி எறிகிறவர்களைப் பார்த்துப் பார்த்து அலுத்திருந்தேன்.

"மருந்தை விட்டா செத்துப்போவீங்க. ஒரு நாள்கூட விடக் கூடாது," என்று கத்தினேன்.

தலையாட்டிவிட்டுப் போனார்.

ஒரு மாதம் கழித்து அவர் மனைவி அவரைச் சட்டையைப் பிடித்து இழுத்து வந்தார். காலையிலேயே சாராய வாடை.

"நல்லா வைத்தியம் பாத்தீக சார். முன்ன பொழுது சாஞ்சாத்தான் குடிப்பாரு. இப்பப் பல்லு வெளக்குறதே அதுலதான்."

"ஏன் குடிச்சீங்க?" என்று அவரைக் கேட்டேன்.

"நீங்கதான சார் மருந்த விடக் கூடாதுன்னீக? குடிய நிறுத்துனதுலருந்து கை நடுங்கிக்கிட்டே இருந்துச்சு. நடுங்குற கையோட மருந்து கலக்க முடியுமா? ஒரசிருச்சுன்னா ரூம்புல அம்புட்டுப் பேரும் போயிருவோம். அதான் ரெண்டு மடக்கு ஊத்திட்டுப் போறேன்."

அந்த ஊரில் மருந்து என்றால் வெடிமருந்து. நான் கொடுத்ததற்குப் பெயர் மாத்திரை. பட்டாசு ஆலையில் அதைக் கலக்குகிற வேலையை விட்டுவிடட்டுமா என்றுதான் அந்த மனிதர் கேட்டிருக்கிறார். கேட்டபோதும் கை நடுங்கியிருக்கும். நான் பார்க்கவில்லை.

"நாளையிலிருந்து கலக்கப் போகாதீங்க. வேற வேலை கேளுங்க," என்றேன்.

"அன்னைக்கு விடாதன்னீக, இன்னைக்கு விடுன்றீக," என்றார் அவர் மனைவி. "இவரவிட நீங்க கூடக் குடிச்சிருப்பீக போல."

கணவர் சிரித்தார். "தீவாளி சீசன் சார். இப்பப் போயி வேற வேலை கேட்டா போர்மேன் ஆலை கேட்டுக்கு வெளிய நிப்பாட்டிருவாரு. கை இப்ப நல்லாத்தான் இருக்கு. பாருங்க."

மேசைக்கு மேலே வலது கையை நீட்டிக் காட்டினார். விரல்கள் கொஞ்சமும் அசையவில்லை.

இருவரும் பஸ்ஸுக்குப் போன பிறகு, கோப்பில் ஏதாவது எழுதியாக வேண்டியிருந்தது. ‘நோயாளி ஆலோசனையைப் பின்பற்றவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.