அண்ணன் நம்பருக்கு வரும் ஓ.டி.பி.

எங்கள் வீட்டில் எல்லாருக்கும் ஒரே நம்பர். அண்ணன் நம்பர். ஆதார் எடுக்க ஊர்ப் பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டபோது வீட்டில் போன் வைத்திருந்தது அவன் ஒருத்தன்தான். அப்பாவுக்கு, அம்மாவுக்கு, எனக்கு, அப்புறம் கேஸ் சிலிண்டருக்கு, ரேஷன் கார்டுக்கு என்று எல்லாவற்றிலும் அவன் நம்பரையே கொடுத்தோம். ஏரியூர்ப் பக்கம் பாதி வீடுகளில் இப்படித்தான். வீட்டு ஆம்பளை நம்பரைக் கொடுத்தால்தான் காரியம் ஒழுங்காக நடக்கும் என்று ஒரு நம்பிக்கை. அந்த ஆம்பளை ஊரைவிட்டுப் போனால் என்ன ஆகும் என்று யாரும் யோசிக்கவில்லை.

அண்ணன் ஓசூரில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போனான். கல்யாணம் ஆயிற்று, குழந்தை பிறந்தது. அப்பா இறந்த பிறகு பேத்தியைப் பார்த்துக்கொள்ள அம்மாவும் அங்கேயே போய்விட்டாள். கல்யாணம் ஒத்துவராமல் திரும்பி வந்திருந்த நான், இரண்டு மாடுகளோடும் கடலைக் காட்டோடும் இங்கேயே தங்கிவிட்டேன். காலையில் சொசைட்டியில் பால் ஊற்றும்போது நாலு வார்த்தை பேசுவேன். அதற்குப் பிறகு அன்றைக்கு முழுக்க என் குரலை மாடுகள்தான் கேட்கும்.

அதனால்தான் பி.காம். சேர்ந்தேன். ஆன்லைன் பல்கலைக்கழகம், வீட்டிலிருந்தே படிக்கலாம், பீஸை அரசு உதவித்தொகை பார்த்துக்கொள்ளும் என்றார்கள். டிகிரி இருந்தால் தர்மபுரியில் ஏதாவது ஒரு ஆபீசில் உட்காரலாம், மத்தியானம் டப்பாவைத் திறந்து நாலு பேரோடு சாப்பிடலாம். கணக்குப் பாடத்தின்மேல் எனக்கு ஒரு காதலும் கிடையாது. அந்த மத்தியானச் சாப்பாட்டுக்காகத்தான் படித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்; சிரித்துக்கொள்ளுங்கள்.

வகுப்பில் முகங்கள் இல்லை. ஆளுக்கொரு வட்டம், வட்டத்துக்குள் ஓர் எழுத்து. நானும் ஓர் எழுத்து. வாட்ஸப் குழு ஒன்று இருந்தது, ஆனால் அதில் அட்மின் மட்டும்தான் பேச முடியும். இத்தனை பேரை ஒரே இடத்தில் சேர்த்து வாயைக் கட்டிவைக்க எப்படித்தான் மனசு வந்ததோ.

இரண்டாம் வருஷம் உதவித்தொகையைப் புதுப்பிக்கும்போது சிக்கல் வந்தது. ஆதாரைச் சரிபார்க்க வேண்டும், அதற்கு ஓ.டி.பி. வரும், பத்து நிமிஷத்துக்குள் போட வேண்டும். போடாவிட்டால் உதவித்தொகை நிற்கும். பீஸ் கட்டாதவர்களுக்கு ஹால் டிக்கெட் கிடையாது என்று குழுவில் அட்மின் போட்டிருந்தார். பால் காசில் பீஸ் கட்டும் நிலைமையில் நான் இல்லை. ஹால் டிக்கெட் வராவிட்டால் படிப்பு அத்தோடு சரி.

உதவி எண்ணுக்குப் போன் செய்தால், என் அழைப்பு அவர்களுக்கு ரொம்ப முக்கியம் என்று ஒரு பெண் குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. அவ்வளவு முக்கியமென்றால் எடுத்துத் தொலைக்க வேண்டியதுதானே. வெப்சைட்டில் ஒரு ரோபோ, நான் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் வேறு ஏதும் உதவி வேண்டுமா என்றது. வேண்டும் என்று போட்டேன். நன்றி என்று சொல்லி மூடிக்கொண்டது.

மிச்சம் இருந்தது அண்ணன்தான். கம்பெனி கேட்டிலேயே போனை வாங்கி வைத்துவிடுவார்கள், சாப்பாட்டு நேரத்தில்தான் கையில் கிடைக்கும். ஷிப்ட் வாரா வாரம் மாறும். அவன் ஷிப்ட் அண்ணிக்குத் தெரிந்ததைவிட எனக்கு நன்றாகத் தெரியும் என்ற அளவுக்கு ஆகிவிட்டது. சிலிண்டரோ ரேஷனோ, எதற்கு ஓ.டி.பி. வந்தாலும் அவன் போனை எடுப்பான், ஆறு எண்களைச் சொல்வான், வைத்துவிடுவான். உதவித்தொகைக்கு அழுத்தினால் மட்டும், அவன் எடுப்பதற்குள் பத்து நிமிஷம் ஓடிப்போயிருக்கும்.

ஒருநாள் சரியாகச் சாப்பாட்டு நேரம் பார்த்து பட்டனை அழுத்தினேன். அதே நேரத்தில் ஓசூரில் ஒரு பிரவுசிங் சென்டரில் அம்மா உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியாது. விவசாயிகளுக்கு வரும் உதவிப் பணத்துக்காக அவளும் ஆதாரைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் போனுக்கு இரண்டு ஓ.டி.பி. சேர்ந்து வந்திருக்கிறது. அவன் அம்மாவுடையதை எனக்கும் என்னுடையதை அம்மாவுக்கும் வாசித்துவிட்டான். வாசித்ததையே மறுபடி மறுபடி வாசிக்க, நாங்களும் மறுபடி மறுபடி போட, ரெண்டு பேர் ஆதாரும் பூட்டிக்கொண்டது.

“நான் என்ன கம்பெனிக்கு வேலைக்கு வந்தனா, உங்களுக்கெல்லாம் நம்பர் வாசிக்க வந்தனா?” என்று கத்தினான்.

எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அப்புறம் மாட்டுக் கட்டுத்தறியில் உட்கார்ந்து நன்றாக அழுதேன்.

மறுநாள் பென்னாகரம் போனேன், நம்பரை மாற்ற. ஆதார் சென்டரில் இருந்த பெண், “இது யாரு நம்பருங்க?” என்றாள்.

“என்னுதுங்க.”

“வூட்டுல ஆம்பளைங்க நம்பர் எதுவும் போடலீங்களா?”

“ஆம்பளைங்க ஓசூர்ல இருக்காங்க. நான்தாங்க இங்க இருக்கறேன்.”

அவள் நிமிர்ந்து பார்த்துவிட்டு என் விரல்களை மெஷினில் வைத்து அழுத்தினாள். மாறுவதற்குச் சில நாள் ஆகும் என்றாள். உதவித்தொகைக்குக் கடைசித் தேதி நெருங்க நெருங்க, பால் கறக்கும்போதும் போனைப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். கடைசி நாளுக்கு முந்தின நாள் மாற்றம் ஆகிவிட்டதாகச் செய்தி வந்தது. பட்டனை அழுத்தினேன். ஓ.டி.பி. என் போனுக்கே வந்தது. போட்டேன், ஒரு பச்சை டிக் விழுந்தது. இவ்வளவுதானா என்று இருந்தது.

கொஞ்ச நாள் கழித்து ஹால் டிக்கெட்டும் வந்தது. என் போட்டோ, என் பெயர், எல்லாம் சரியாக இருந்தது. யாரிடமாவது காட்ட வேண்டும் போல மனசு கிடந்து அடித்துக்கொண்டது. குழுவில் பேச முடியாது. நம்பர் மாற்றியதை அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை, எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லலாம் என்று அவன் வீட்டில் இருக்கும் நேரம் பார்த்துக் கூப்பிட்டேன்.

எடுத்ததுமே, “இரு, பாக்கறேன்” என்றான். “ஒன்னும் வரலயே. மறுபடியும் அனுப்பு.”

பின்னால் குழந்தை எதற்கோ அடம் பிடித்தது. அம்மா சிரித்தாள். குக்கர் விசில் அடித்தது. நம்பர் மாற்றிவிட்டேன், இனிமேல் உனக்குத் தொந்தரவு இல்லை என்று சொல்லலாம். சொன்னால் அப்பாடா என்பான், வைத்துவிடுவான்.

“வரும்ண்ணா. வர்ற வரைக்கும் லைன்லயே இரு” என்றேன்.

“ம், இருக்கேன்” என்றான்.

பாப்பா சாப்பிட்டாளா என்று கேட்டேன்.