கேஸை மூடிய கை

தங்கையின் பிரசவத்துக்காக அம்மா சென்னைக்குப் போன இரண்டாவது வாரம், எங்கள் ஜோகுபாளையம் வீட்டுக்குள் ஏதோ புகுந்துவிட்டது என்று நினைத்தேன். பேய் பிசாசை நம்புகிறவள் இல்லை நான். ஏழாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறவள். ஆனால் திருத்தி வைத்த விடைத்தாள் கட்டு ஃபிரிட்ஜுக்குள், கத்தரிக்காய்க்கு அடியில் ஜில்லென்று கிடந்தால் என்ன நினைப்பது? ஒரு நாள் மழைச் சத்தம் கேட்டு, காயப்போட்ட துணியை எடுக்க மொட்டைமாடிக்கு ஓடினேன். மாடியில் சுள்ளென்று வெயில். சத்தம் குளியலறைக் குழாயிலிருந்து வந்துகொண்டிருந்தது. இன்னொரு நாள் பள்ளி விட்டு வந்தால் வாசல் கதவு அகலத் திறந்திருக்கிறது. கூடத்தில் யாருக்கோ ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

முப்பத்தெட்டு வயதுவரை அந்த வீட்டில் இப்படி எதுவும் நடந்ததில்லை. எதிர் வீட்டு அக்கா சர்ச்சிலிருந்து தீர்த்தம் கொண்டுவந்து மூலைக்கு மூலை தெளித்தார். "ஒத்தையில படுக்காதீங்க டீச்சர்" என்றார். நானும் தடுக்கவில்லை. அறிவியலாவது ஒன்றாவது.

அடுத்த வாரம் அதே அக்கா பள்ளிக்கு ஃபோன் செய்தார். படிக்கட்டு முழுக்க கேஸ் வாடை. அவரிடம் கொடுத்து வைத்திருந்த சாவியால் திறந்து அவர்தான் அடைத்திருக்கிறார். கீழ்வீட்டில் மூன்று மாதக் குழந்தை இருக்கிறது. அன்றுதான் எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது. வீட்டில் இருப்பது பேயோ நானோ, இப்படியே விட்டால் ஒரு நாள் அந்தக் குழந்தையைக் கொன்றுவிடும்.

பள்ளியில் கவுன்சலிங் பார்க்கும் பெண், இது ஏடிஹெச்டியாக, அதாவது கவனம் நிலைக்காத குறைபாடாக இருக்கலாம், பெரியவர்களுக்கும் உண்டு என்றாள். அதைப் பரிசோதித்துச் சொல்ல ஊரில் பெரிய மனநல மருத்துவமனை இருக்கிறது. ஆனால் நேரே போனால் எப்போது கூப்பிடுவார்கள் என்றே தெரியாது. அரசு ஆஸ்பத்திரி டாக்டர் கடிதம் எழுதிக் கொடுத்தால் சீக்கிரம் நடக்கும். லீவு போட்டுவிட்டு, ஓ.பி. சீட்டு வாங்கி, பெஞ்சில் உட்கார்ந்தேன். அந்த வராந்தாவில் எல்லோரோடும் யாராவது ஒருவர் வந்திருந்தார்கள். என் பக்கத்து இடம் மட்டும் காலியாக இருந்தது. கூட்டம் நெரிந்தும் அதில் யாரும் உட்காரவில்லை.

டாக்டர் இளம்பெண். பொறுமையாகத்தான் கேட்டார். "சின்ன வயசுல எப்படி இருந்தீங்க?"

"ஒரு பென்சில்கூட தொலைச்சதில்ல மேடம். ஹோம்வொர்க் மறந்ததே இல்ல." கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

"அப்ப இது அது இல்லீங்க. சின்ன வயசுலேயே இருந்திருக்கணும், நடுவுல வராது. லெட்டர் எழுதணும்னா உங்கள அப்ப பார்த்தவங்க யாராச்சும் எங்கிட்ட பேசணும்."

அம்மாவுக்கு ஃபோன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். டாக்டர் ஒவ்வொன்றாகக் கேட்டார். அம்மா ஒவ்வொன்றுக்கும் இல்லை என்றாள். "எம் பொண்ணா? ஒண்ணும் கொறை இல்ல மேடம். எல்லாத்துலயும் ஃபர்ஸ்ட்டு." டாக்டர் பேனாவை மூடி, சீட்டை என் பக்கம் தள்ளினார்.

வைக்கப்போகிற நேரத்தில் அம்மா சொன்னாள். "பாப்பா, கேஸ மூடிட்டு வந்தியா?"

டாக்டர் நிமிர்ந்தார். "ஏம்மா அதைக் கேட்டீங்க?"

தங்கையின் மூத்த பெண் எங்கேயோ அழுவது மட்டும் கேட்டது.

"தெனம் நான்தான் மேடம் மூடுவேன்."

"எப்பலேர்ந்து?"

"அவ அடுப்புகிட்ட நிக்க ஆரம்பிச்சதுலேர்ந்து."

பிறகு எல்லாம் வந்தது. பென்சில் எப்போதும் டஜனாக வாங்கியது. நான் தூங்கிய பிறகு பையைக் கொட்டி, மறுபடி அடுக்கியது. மறந்துபோன நோட்டைப் பள்ளி வாட்ச்மேனிடம் கொடுத்து, வகுப்பு தொடங்குமுன் என் மேஜைக்குள் வைக்கச் சொன்னது. நான் வருகிறேனா என்று பார்த்துக்கொண்டே குழாயை மூடியது. "அவளுக்குத் தெரிய வேணாம்னுதான் மேடம். மனசு ஒடைஞ்சிடும்."

முப்பத்தெட்டு வருடமாக ஒருத்தி சத்தமில்லாமல் என் பின்னாலேயே நடந்திருக்கிறாள், ஒரு தடவைகூட நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் மேல் கோபம்தான் முதலில் வந்தது. அவமானம் பிறகு வந்தது.

டாக்டர் எழுதத் தொடங்கியிருந்தார். கையெழுத்தும் முத்திரையும் போட்டுக் கடிதத்தை நீட்டினார். "இது தொலைஞ்சா திரும்ப முதல்லேர்ந்து வரணும்" என்றார். பிறகு, "கேஸ் மூடினீங்களா?"

தெரியவில்லை. காலையில் காபி போட்டது நினைவிருந்தது. அதற்குப் பிறகு என் கை என்ன செய்தது என்று எவ்வளவு யோசித்தும் எதுவும் தெரியவில்லை. எதிர் வீட்டு அக்கா வேளாங்கண்ணிக்குப் போயிருந்தார். ஆட்டோ பிடித்து ஓடினேன்.

படிக்கட்டில் வாடை இல்லை. கீழ்வீட்டுக் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. கதவு பூட்டியிருந்தது. உள்ளே சிலிண்டர் ரெகுலேட்டர் இறுக்கமாக மூடியிருந்தது. டம்ளர்கூட கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது, அம்மா கவிழ்க்கிற இடத்தில். வீட்டில் என்னைத் தவிர யாரும் இல்லை, அதனால் நான்தான் செய்திருக்க வேண்டும்.

அம்மாவைக் கூப்பிட்டேன். "மூடித்தாம்மா இருக்கு."

"சரி" என்றாள். மூச்சு விடுவது கேட்டது. "அந்த லெட்டர் எங்க?"

கையைப் பார்த்தேன். வீட்டுச் சாவி மட்டும் இருந்தது.