தொட்டிலடியில் படுத்துப் பார்த்தவர்

பெருமாள்மலையில் எங்கள் வீட்டோரம் தூரத்து ஊர்க்காரர்களோடு பேச நான் வைத்திருக்கும் ஹாம் ரேடியோவுக்குக் கம்பம் நட வந்தவர், நரைத்த மீசையோடு ஒல்லியாக இருந்தார். கம்பம் சாய்ந்தால் எங்கே விழுமோ, அங்கே முதலில் படுத்துப் பார்ப்பது அவர் வழக்கம். எங்கள் வீட்டில் அந்த இடம் மகளின் தொட்டிலடி. துண்டை விரித்துப் படுத்துவிட்டார்.

“மேல எந்த ஆண்டெனா ஏத்தணும், தங்கச்சி?”

வேண்டிய திசைக்குத் திருப்பக்கூடிய இரண்டைக் குறித்து வைத்திருந்தேன். இரண்டும் மூன்று அலைவரிசைகளில் இயங்கும். பெரியதற்கு எட்டும் தூரம் அதிகம். சிறியது காற்றைத் தாங்கும்.

“மூணு மாசமா முழிக்கிறேண்ணே. கேட்டவங்க எல்லாரும் பெருசுதான் வாங்கச் சொல்றாங்க.”

“அவுக பிள்ளைக இங்கனயா தூங்குது?”

சிறியதையே வாங்கினேன்.

அந்த வருஷப் புயல்மழையில் மரங்கள் விழுந்து சாலையும் போனும் நின்றுபோயின. கம்பம் நின்றது. அஸ்ஸாமில் ஒருவர் என் குரலைக் கேட்டு, எங்களுக்காக உதவி கேட்டுத் திண்டுக்கல் கலெக்டர் ஆபீசுக்குப் போன் செய்தார்.

மறுநாள் டீக்கடையில் கம்பம் நட்டவர் எல்லாருக்கும் என் ஆண்டெனாவைக் கைகாட்டிக்கொண்டிருந்தார். “கம்பம்தான் நான் நட்டது. எது நிக்கும்னு முடிவு பண்ணுனது இந்தத் தங்கச்சி.”

முடிவு அவருடையது என்று சொல்ல வாயெடுத்தேன். பெருமையாக இருந்தது; சொல்லவில்லை.