இரைச்சலக்கா தப்பாகக் கேட்ட சத்தம்

அந்தச் சோதனைக் கூடத்தில் எல்லாரும் அவளை இரைச்சலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பேர்தான் அப்படி, அவள் வாயைத் திறந்தால் எதிரில் நிற்பவருக்கே கேட்காது. காந்தப் புலத்தை அளக்கிற மின்னணுச் சில்லுகள், கடுகைவிடப் பொடிசு, அவள் மேசைக்கு வரும். பக்கத்தில் காந்தமே இல்லாவிட்டாலும் அவற்றின் மின்னழுத்தம் சும்மா இருக்காது, தானாக ஏறி இறங்கும். அதுதான் இரைச்சல், அதை அளப்பதுதான் அவள் வேலை. அதிலும் மெதுவான இரைச்சல் இருக்கிறதே, சரியான அமுக்குணி! அதைப் பிடிக்க ஒரு சில்லுக்கு அரைமணி நேரம் காத்திருக்க வேண்டும்.

"இன்னுமா முடியல?" என்று மேலாளர் எட்டிப் பார்ப்பார்.

"அது மெதுவாத்தான் பேசும் சார். நாம அவசரப்பட்டா எப்படி?"

பதினெட்டு வருஷமாக அவள் சொன்ன எண்ணை யாரும் மறுத்ததில்லை. அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சம் உண்டு, இருக்கட்டுமே.

இந்த மாதச் சில்லுகளைச் செய்தவர் பூச்சுக்காரர். உலோகத்தை அணு அணுவாகப் பூசுகிற அந்த மனிதருக்கு ஒப்பந்த வேலை. இவை தேறினால்தான் வேலை நீடிக்கும். அவளோ அளந்து பார்த்து, எல்லாவற்றிலும் நொடிக்கு நாலு தடவை ஒரு துடிப்பு தெரிகிறது, தேறாது என்று எழுதிக் கொடுத்துவிட்டாள்.

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்க்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார் அவர். அதற்கப்புறம் அவளுக்குச் சோறே இறங்கவில்லை.

சாயங்காலம் வீட்டில் மகள் எழுதிக்கொண்டிருந்தாள். "அம்மா! காலாட்டாதன்னு எத்தனை தடவை சொல்றது? மேசை ஆடுது, எழுத்தெல்லாம் கோணலாப் போகுது!"

இரைச்சலக்கா குனிந்து பார்த்தாள். யோசனையில் இருந்தால் தானாக ஆடுகிற கால். எண்ணிப் பார்த்தாள், நொடிக்கு நாலு தடவை. வாசலில் கிடந்தது, போன மாதம் பாதுகாப்புக்கென்று எல்லாருக்கும் கொடுத்த ஷூ, முனையில் இரும்பு வைத்தது. இரும்பு ஆடினால் பக்கத்துக் காந்தப் புலமும் ஆடுமே!

மறுநாள் ஷூவை வெளியே விட்டுவிட்டு அளந்தாள். துடிப்பைக் காணோம். மாட்டிக்கொண்டு காலை ஆட்டினாள். ஐயோ, டாண் என்று வந்து நின்றது! சில்லை வைக்கிற பெட்டி காந்தத்தைத் தடுக்கும்தான், ஆனால் இவ்வளவு மெதுவான அசைவை முழுசாகத் தடுக்காது. இது அவளுக்குத் தெரியாததா? அதுதான் வெட்கம். மூன்று நாள் எல்லாச் சில்லுகளையும் திரும்ப அளந்தாள். காரணம் சொல்லாமல் புது எண்ணைக் கொடுத்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்றும் ஒரு நிமிஷம் நினைத்தாள்.

மேலாளர் கூட்டிய கூட்டத்தில் எழுந்து நின்றாள். கடைசி வரிசைக்கும் கேட்கிற குரலில், "சத்தம் சில்லுல இல்ல சார், என் கால்ல. அவர் வேலை சுத்தம். எல்லாமே தேறுது" என்றாள்.

எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். பூச்சுக்காரர் மட்டும் சிரிக்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உக்காருங்கக்கா" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். உட்கார்ந்தாள். மேசைக்கடியில் கால் மறுபடி ஆட ஆரம்பித்தது. வெறுங்கால்தான், ஆடட்டும்.